யானையின் காலடியில் ஓடிய ஆறு

கண்ணெதிரே கிடக்கும் மண்ணை நம்பாத மனிதர், எங்கோ இருந்து எவனோ வரைந்த கோட்டை மட்டும் எப்படி நம்புகிறார்? பரளச்சி காளீஸ்வரனைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும்.

மதுரையில் யாரோ பழைய பங்களா ஒன்றைக் காலி செய்து சாமான்களை விற்றபோது அவர் ஒரு வரைபடத்தை வாங்கிவந்தார். முந்நூறு வருடப் பழையது என்று விற்றவன் சொன்னான். கடலில் கப்பல்கள், தண்ணீரைப் பீய்ச்சும் பருத்த மீன், மூலைக்கு மூலை பூவேலை. நம் பக்கத்து நிலத்தில் ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு யானை நின்றது. வரைந்தவனுக்கு இந்தச் சீமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததை யானையால் மறைத்துவிட்டான். காளீஸ்வரன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார். யானையின் முன்னங்கால்களுக்கு நடுவேதான் பரளச்சி இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அங்கே ஒரு நீலக்கோடு ஓடியது. அது மறைந்துபோன ஆறு என்றும், தன் மனைவி தங்கலட்சுமியின் புஞ்சைக்கு அடியில் இன்னும் ஓடுகிறது என்றும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

அந்தப் புஞ்சை தங்கலட்சுமிக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்தது. மழையை நம்பிக் குதிரைவாலியும் கொத்தமல்லியும் விதைப்பாள். சோலார் கம்பெனி சுற்றியுள்ள நிலங்களை வாங்கிக்கொண்டே வந்தது. அவளுக்குக் கொடுக்க மனமில்லை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு ஆழ்துளைப் போர் போடுவது. தண்ணீர் வந்தால் நிலத்தை வைத்துக்கொள்வது. வராவிட்டால், போருக்கு வாங்கும் கடனை அடைக்க அவள் கையெழுத்துப் போட்டு நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது.

“மேக்கால பள்ளத்துல போடுங்க. மழை நின்னு மாசக்கணக்குல அங்கதான் புல்லு பச்சையாக் கெடக்கு” என்றாள்.

“புல்லு பேச்சக் கேட்டுப் போரு போடச் சொல்றியா?”

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்கக் கேட்டு ஆசிரியை ஏஞ்சலின் தெருவில் வந்தார். காளீஸ்வரன் விடுவாரா, உள்ளே கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார். ஆசிரியை அதை உற்றுப் பார்த்தார்.

“ஐயா, இது ஆறு இல்ல. அந்தக் காலத்துல ரெண்டு ராஜ்ஜியத்துக்கு நடுவுல இருந்த எல்லை. நீல மை தீட்டிருக்காங்க. பாருங்க, இங்க மலைமேல ஏறி அந்தப் பக்கம் எறங்குது. ஆறு மலையேறுமா?”

“அது அந்தக் காலத்து ஆறும்மா” என்றார் காளீஸ்வரன். “இப்ப உள்ளது மாதிரியா?”

நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டியதில்லை. கண்ணாடிச் சட்டம் போதும் போலிருக்கிறது. மறுவாரம் போர் வண்டி வந்து, அவர் காலால் கோடு கிழித்த இடத்தில் துளை போட்டது. புழுதி வந்தது. மேலும் மேலும் புழுதியே வந்தது. வேலிக் கருவேலமெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்தது.

“ஏலே காளீஸு, யானை குடிச்சிட்டுப் போயிருச்சோ?” என்றார் பக்கத்து நிலத்துக் காளிராஜ்.

அப்போதும் காளீஸ்வரன் அசரவில்லை. ஆறு கொஞ்சம் கிழக்கே நகர்ந்திருக்கும் என்றார். தங்கலட்சுமி சண்டை போடவில்லை. “என்னைக்குக் கையெழுத்துன்னு சொல்லுங்க, வாரேன்” என்றாள்.

காளீஸ்வரனுக்குச் சொந்தமாக ஒரு தோட்டம் இருந்தது. அவருடைய அப்பா வெட்டிய கிணறு அதில் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஊரில் அவருக்கு இருந்த மரியாதையே அந்தக் கிணறுதான். அதுவும் கம்பெனி கேட்ட நிலங்களில் ஒன்று. அதைத் தருவதாக அவர் ஒருநாளும் பேசியதில்லை.

திருச்சுழியில் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் தங்கலட்சுமி பையிலிருந்து தன் பட்டாவை எடுத்தாள்.

“அத உள்ள வையி” என்றார் காளீஸ்வரன். “என் தோட்டத்த எழுதுங்க.”

“கெணறு இருக்கே அண்ணாச்சி, யோசிச்சுத்தான் சொல்றீகளா?” என்று எழுதுகிறவரே கேட்டார்.

“எழுதுங்க.”

ஆற்றை விட மனமில்லாமல் செய்த காரியம் என்கிறார் காளிராஜ். இருக்கலாம், படம் இன்னும் டிவிக்கு மேலேதான் தொங்குகிறது. திரும்பும்போது பஸ்ஸில் தங்கலட்சுமி ஏன் என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஐப்பசியில், மூடிபோட்ட போர்க்குழாயைச் சுற்றி அவள் குதிரைவாலி விதைத்தாள்.