பௌர்ணமியில வச்ச பரீட்சை

எங்க மாடியில குடியிருக்கிற அருணாதேவி சேலத்துப் பொண்ணு. இந்த ஊருக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது. ஒரு கம்பெனிக்காக வீட்டுல உக்காந்தே ஆன்லைன்ல கம்ப்யூட்டர் பாடம் எடுக்குது.

போன பௌர்ணமி சாயந்தரம் பரீட்சை வச்சது. தென்றல்னு ஒரு பொண்ணு மட்டும் வரலை. ஏற்கெனவே ரெண்டு வகுப்புக்கு வரலையாம். மூணு தரம் வராதவங்க பேரை அடிச்சிடணும்னு கம்பெனி சட்டம்.

"அடிச்சிட்டு வேலையைப் பாருங்க"னு என் பையன் சொன்னான். அது கேக்காம, மறுநாள் காலையில அந்தப் பொண்ணுக்கே போன் போட்டது.

"ஏம்மா, படிக்க இஷ்டம் இல்லையா?"

"மிஸ், எங்க ஊரு கிரிவலப் பாதையில இருக்கிற அடி அண்ணாமலை. கிரிவலம் போற ஜனம் பூரா எங்க டீக்கடைக்குத்தான் வருது. அம்மாவுக்கு ரெண்டு கைதானே? நான் வராத மூணு நாளும் பௌர்ணமிதான். நீங்க கேக்கவே இல்லையே."

அருணாதேவிக்கு முகம் சுண்டிப்போச்சு. முன்ன ஒரு பௌர்ணமிக்கு அந்தக் கூட்டத்துல ஆட்டோ கிடைக்காம வீட்டுக்கு நடந்தே வந்ததுதான் அதுவும். அந்த ஜனத்துக்கு டீ ஊத்துறது தன் மாணவின்னு அதுக்குத் தெரியலை.

உடனே கம்பெனிக்குப் பேசிச்சு.

"ஒருத்திக்காகத் தனிப் பரீட்சையா, மேடம்?"

"ஆமாங்க, ஒருத்திக்காகத்தான்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டித்தான் சம்மதம் வாங்கிச்சு. மறுநாள் தென்றல் எழுதி பாஸ் பண்ணிட்டா.

இப்பல்லாம் புதுசா யார் சேர்ந்தாலும், வீட்டுல என்னைக்கு வேலை ஜாஸ்தின்னு கேட்டுட்டுத்தான் அருணாதேவி பாடத்தை ஆரம்பிக்குது. அது வெட்டி வேலைன்னு என் பையன் சொல்றான். சொல்லிட்டுப் போறான். நான் அருணாதேவி பக்கம்தான்.