முடிச்சில்லாத கிளிப்பைக் கடலில் சோதித்த நாள்

கிண்டி தொழிற்பேட்டையில், ஸ்பிரிங் கம்பி வளைக்கும் பட்டறையில் எனக்கு வேலை. கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மெரினாவில்கூட முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் முதலாளிக்குத் தூண்டில் கிளிப் செய்யும் ஆசை வந்தது.

"முடிச்சு போடுற எடத்துலதாம்பா தூண்டில் நரம்பு அறுந்துபோகுது. இதுல முடிச்சே கெடையாது. கிளிப்போட கழுத்துல நாலு சுத்து சுத்தி மாட்டினா போதும். மீன் பிடிக்கிறவங்களோட நீ கூடப் போயி பார்த்துட்டு வா" என்றார்.

தலையாட்டிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

அடையாறு முகத்துவாரக் குப்பத்தில் எல்லப்பன் என்ற மீனவர் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். கட்டுமரத்தில் இரண்டு தங்கூஸ் நரம்புச் சுருள்களை வைத்தார். ஒன்றில் தூண்டில் முள்ளை எங்கள் கிளிப்பின் கொக்கியில் மாட்டினார். மற்றதில் எச்சில் தொட்டு அவரே முடிச்சை இறுக்கினார். இரண்டின் மறுமுனையும் மரத்தோடு கட்டியிருந்தது.

"நீஞ்ச தெரியுமா நைனா?"

"தெரியாதுங்க."

"அப்ப மரத்த கெட்டியா புட்ச்சிக்க. இன்னா ஆனாலும் நரம்பாண்ட கால வெக்காத."

முதல் அலையைத் தாண்டும்போதே குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். மரக்கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. எல்லப்பன் இரை கோத்த இரண்டு முள்ளையும் கடலில் வீசிவிட்டு முன்பக்கம் போனார். ஒரு பெரிய அலை தூக்கிப் போட்டபோது, அவர் சொன்னதெல்லாம் மறந்து, கிடைத்த இடத்தில் காலை ஊன்றினேன். அது கிளிப் மாட்டிய சுருள்.

அந்த நேரம் பார்த்து மீன் இழுத்தது. நரம்பு சரசரவென்று ஓடி என் கணுக்காலில் சுருக்காக விழுந்தது. குப்புற விழுந்தேன். இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டேன். எல்லப்பன் முன்பக்கத்திலிருந்து கத்தியோடு தாவி வந்தார். அவர் எட்டுவதற்குள் இழுவை சட்டென்று நின்றது.

என்னை மேலே இழுத்துப் போட்டுவிட்டு நரம்பைச் சுருட்டினார். மீனும் இல்லை, முள்ளும் இல்லை. கிளிப்பின் கொக்கி ஊசி மாதிரி நிமிர்ந்திருந்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று கிடந்தேன். அவர் ஒரு சாண் தள்ளிக் கிடந்த மற்றச் சுருளைக் காட்டினார்.

"என் முடிச்சு வுடாது நைனா. இத்துல கால வெச்சிருந்தா, உன் ஊட்ல போயி நான் இன்னா சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு அந்தச் சுருளை என் காலுக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் முதலாளி, "எப்படிப்பா, தாங்குச்சா?" என்றார்.

"இல்ல சார், நிமிர்ந்துடுச்சு" என்று நடந்ததைச் சொன்னேன்.

"உன் உசுர காப்பாத்தினதே அதுதானே! அதப் போயி கொற சொல்றியே?"

"நான் பொழச்சேன் சார். ஆனா எல்லப்பன் அதை நம்பித் தொழில் பண்ண முடியாது."

தடித்த கம்பியில் வளைக்கச் சொன்னார். வளைத்தேன். பட்டறையில் எவ்வளவு இழுத்தும் அது நிமிரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் எல்லப்பன் காட்டிய மற்றச் சுருள்தான் ஞாபகம் வந்தது. மறுபடி குப்பத்துக்குப் போனபோது இரண்டு மூங்கில் கூடைகளை வாங்கிப்போய், சுருள்களை அவற்றுக்குள் வைத்த பிறகே மரத்தில் ஏறினேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அறுந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அறாமல் தாங்கினால் யார் தலையில் விடியும் என்றும் பாருங்கள்.