நாற்பத்து மூன்று மூச்சு

என் புருஷன் நேலிஸுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. சோளக்கஞ்சியைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். விடிந்ததும் பாறைமேல் ஏறுவார், கடலைப் பார்ப்பார், இறங்குவார், பாதி வழியில் மறுபடியும் ஏறுவார். "அங்க என்னத்தய்யா வச்சு மறந்துட்ட?" என்று நான் கேட்காத நாளில்லை. திமிங்கிலம் பிடித்துப் பிழைக்கிற எங்கள் லமலேரா ஊரில் அவர் கண்ணுக்கு ஈடான கண் கிடையாது. ஆனால் அவர் வாய்க்குப் பூட்டு விழுந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

திமிங்கிலத்தின் மூச்சைக் கடலில் பார்த்தவர் "பலேயோ" என்று கத்த வேண்டும். கேட்டவரெல்லாம் திருப்பிக் கத்துவோம், போட்டது போட்டபடி கிடக்க ஓடிப்போய்ப் படகைத் தள்ளுவோம். கொத்தேகெலேமா என்கிற திமிங்கிலத்துக்கு மட்டும்தான் அந்தக் கத்தல். அதற்குப் பல் உண்டு, மூக்கு ஒன்றுதான், அதுவும் தலை நுனியில் இடதுபக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் மூச்சு குட்டையாக, முன்னால் சாய்ந்து வரும். அதுதான் எங்கள் சோறு. கெலாரு வேறு ஜாதித் திமிங்கிலம். பல்லுக்குப் பதில் வாயில் சல்லடை தொங்கும். தலைமேல் இரண்டு மூக்கு, மூச்சு பனைமரம்போல நேரே எழும். எங்கள் முன்னோரை முதுகில் சுமந்து இந்தக் கரையில் இறக்கியது அதுதான். அதை நாங்கள் தொடமாட்டோம்.

அவர் வாய்க்குப் பூட்டு விழுந்த அன்றைக்குத் தென்கிழக்குக் காற்று, ஞாயிற்றுக்கிழமை வேறு. கெலாருவின் மூச்சைக் காற்று சாய்த்துவிட்டது. என் மகாராசன் முதல் மூச்சிலேயே பலேயோ என்று கத்திவிட்டார். பாதிரியார் பூசையைப் பாதியில் விட, கோயிலே காலியானது. ஈட்டிக்காரர் ஸ்டானிஸ், நேலிஸின் சொந்த அண்ணன். படகு மூக்கிலிருந்து ஈட்டியோடு பாய்ந்த பிறகுதான் அலை விலகி, கீழே இரண்டு மூக்கும் அவர் கண்ணில் பட்டன. பாய்ந்த உடம்பை யாரால் நிறுத்த முடியும்? ஈட்டியை மட்டும் ஒதுக்கி வீசினார். அதன் கயிறு கெலாருவின் வாலில் மாட்டி, ஸ்டானிஸின் வலதுகையில் இரண்டு விரலைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஊர் முன்னோருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, கள் ஊற்றி, மன்னிப்புக் கேட்டது. நேலிஸை யாரும் அடிக்கவில்லை. 'ரெண்டு மூக்கன்' என்று பேர் வைத்ததோடு விட்டார்கள். அடித்திருந்தால் தேவலை. ஸ்டானிஸும் திட்டவில்லை. ஆனால் கொத்தேகெலேமாவின் துடுப்பை நாங்கள் அறுக்கும்போது உள்ளே நம் கையைப் போலவே ஐந்து விரல் எலும்பு வரும். அதைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு அரிக்கும். "இதுக்கு அஞ்சு, எனக்கு மூணு. யாரு மனுசன், யாரு மீனுன்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நேலிஸ் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் அவர் கத்துவதில்லை. பக்கத்தில் நிற்பவர் தோளைத் தொட்டு, "அது என்ன பறவை?" என்று கடல் பக்கம் கை காட்டுவார். அந்த ஆள் மூச்சைப் பார்த்துவிட்டு பலேயோ என்று கத்துவார், பேரும் அவருக்கே போகும். இந்தக் கூத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

இரண்டு வருஷத்துக்கு முன் ஜாவாவிலிருந்து விதுரி என்று ஒரு பெண் வந்தாள். திமிங்கிலப் படிப்பு படிக்கிறவள். பல் உள்ளவை ஒரு கூட்டம், சல்லடை உள்ளவை இன்னொரு கூட்டம் என்றுதான் அவர்களும் பிரிக்கிறார்களாம். இதற்குப் பத்து வருஷப் படிப்பா என்று கேட்டு ஊர் அவளை ஒருவழி பண்ணியது. எங்கள் செகுனி, திமிங்கிலத்தையே கூட்டமாகச் சேர்ந்து கடித்துத் தின்னும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பிசாசு, அதுவும் டால்பின் குடும்பம்தான் என்றாள். அதற்கும் சிரித்தார்கள். நேலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. காற்று அடிக்கிற நாளில் மூச்சு சாய்ந்தால் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள் என்று கேட்டார். அவள் தன் நோட்டைப் புரட்டினாள். அப்புறம் அவரே சொன்னார். கெலாரு நாலைந்து மூச்சு விடும், விட்டபடியே நகர்ந்து போகும். கொத்தேகெலேமா கிடந்த இடத்திலேயே கிடந்து நாற்பது, ஐம்பது மூச்சு விடும், பிறகு வாலைத் தூக்கி முங்கும், முக்கால் மணி நேரம் ஆளைக் காணாது. தன் கடிகாரக் கணக்கும் அதுதான் என்று விதுரி வாயைப் பிளந்தாள். அவருடைய பாறை நடை எதற்கென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சற்றுத் தள்ளிக் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஸ்டானிஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஜூனிலிருந்து ஒரு கொத்தேகெலேமாகூட அகப்படவில்லை. மலைக்காரர்களிடம் கொடுத்துச் சோளம் வாங்கக் காய்ந்த இறைச்சி இல்லை. செப்டம்பரில் ஒருநாள் வெறும் உப்பைக் கொண்டுபோய், கூடையின் அடிகூட மறையாத அளவு சோளத்தோடு பாறை வழியாகத் திரும்பினேன். உச்சியில் நேலிஸ் நின்றிருந்தார். அதே தென்கிழக்குக் காற்று. தூரத்தில் ஒரு மூச்சு, சாய்ந்து. ஊரெல்லாம் கீழே மணலில். தோளைத் தொட்டுப் பறவை காட்ட அங்கே என்னைத் தவிர ஆளில்லை.

"நீ கூப்பிடு பெனி" என்றார்.

"கண்டது நீ. நீயே கூப்பிடு."

என் கூடைக்குள் கைவிட்டுச் சோளத்தை அள்ளினார். மூச்சுக்கு ஒரு மணியாகப் பாறையில் வைத்தார். ஐந்து ஆனது, பத்து ஆனது. அது நகரவில்லை. இருபது ஆனபோது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் என்னய்யா சந்தேகம் என்று கத்தினேன். முப்பது, நாற்பது. நாற்பத்து மூன்றாவது மணியை வைத்தபோது கடலில் வால் எழுந்தது. வால் முங்கிய பிறகு, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, என் புருஷன் கத்தினார். "பலேயோ! பலேயோ!"

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழேயிருந்து பத்துப் பேர் ஏறி வந்தார்கள். கடலில் ஒன்றுமில்லை. ரெண்டு மூக்கனுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றார் ஒருவர். கடைசியாக ஸ்டானிஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கடலைப் பார்க்கவேயில்லை. தம்பியைப் பார்த்தார்.

"எத்தன?"

"நாப்பத்தி மூணு. கெடந்த எடத்துலயே."

ஸ்டானிஸ் குனிந்து பாறையில் கிடந்த மணிகளைப் பார்த்தார். பிறகு கீழே திரும்பி, "படகத் தள்ளுங்கடா" என்றார். தானும் போய்ச் சுக்கான் பிடிக்க உட்கார்ந்தார்.

ஏழு படகுகள் போயின. நேலிஸ் போகவில்லை. போயிருந்தால் நன்றாயிருக்கும், எனக்காவது நிம்மதி. மத்தியானம் முழுக்க அந்தப் பாறையில் பத்தடி போவதும் பத்தடி வருவதுமாக இருந்தார். இன்னொரு தடவை தப்பானால் நான் இந்த ஊரில் இருக்கமாட்டேன் என்றார். எனக்கும் பயம்தான்.

வெயில் சாயும்போது படகுகள் தெரிந்தன. வெறும் படகு என்றால் பாய் விரித்து வேகமாக வரும். இவை மெதுவாக வந்தன. இழுத்து வந்தாலும் மெதுவாகத்தான் வரும். அடிபட்டு வந்தாலும் மெதுவாகத்தான் வரும். நேலிஸ் விழுந்தடித்து மணலுக்கு ஓடினார், நான் பின்னாலேயே.

முதல் படகு, பின்னால் எதையோ கயிற்றில் கட்டி இழுத்தபடி, அலைக்கு அந்தப் பக்கம் நின்றது. பின்னால் எழுந்து நின்ற ஸ்டானிஸ், மூன்று விரல் மிச்சமிருந்த வலதுகையைத் தலைக்குமேல் தூக்கினார். இரண்டை மடக்கி ஒரு விரலை மட்டும் நீட்டி, அதைத் தன் மூக்கின் இடதுபக்கம் வைத்தார்.

நேலிஸ் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். அலை வந்து இடுப்பை நனைத்தது. எழவில்லை.

"பசிக்குது பெனி" என்றார். "சோளம் இருக்கா?"

இருந்ததை எல்லாம் வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த நாற்பத்து மூன்று மணியையும் சேர்த்துத்தான். உட்கார்ந்தே தின்றார்.