தார்ன்டன் வேட்டி

எஞ்சின் எண்ணெயும் கரியும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை, எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் வந்து அடிக்கும். மற்றப் பிள்ளைகள் வீட்டுப் பெட்டிகளின் அடியில் பட்டுச்சேலையோ பித்தளைக் குத்துவிளக்கோ இருந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்; எங்கள் பெட்டியின் அடியில் இருந்தது ஒரு பழைய வேட்டித் துண்டு, அதில் கறுப்பாக ஒரு வரி இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்துதான் எங்கள் குடும்பப் பெயர்.

தார்ன்டன். என் முழுப்பெயர் ரீட்டா தார்ன்டன். வில்லியனூருக்கு மேற்கே, சுற்றிலும் முள்வேலி மண்டிக் கிடந்த ஒரு சின்னக் கிறிஸ்தவப் பங்கு ஊரில், பாகூர் பக்கம் கரும்பு வெட்டப் போகும் அந்தோணிசாமியின் இளைய மகளுக்கு அப்படி ஒரு பெயர். அப்பா கத்தியைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் செருகிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை டீக்கடையில் இருப்பவர்கள், "வழி வுடுங்கடா, தொரை கரும்பு வெட்டப் போறாரு" என்பார்கள். அப்பாவும் சளைக்காமல், "தொரைக்கு ஒரு டீ போடுறா, சர்க்கரை தூக்கலா" என்று சொல்லிவிட்டுப் போவார். என்னையும் அக்கா ஸ்டெல்லாவையும் 'தொரசாணி' என்று கூப்பிட்டார்கள். தொரசாணிகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி செருப்பு இருந்தது.

பெயர் வந்த கதையை அப்பா சொல்லித்தான் தெரியும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் 'ரெனோன்சா' எழுதுவது என்று ஒன்று இருந்தது. 'மேரி' என்று எல்லோரும் சொன்ன நகர்மன்ற ஆபீசுக்குப் போய், என் சாதி வழக்கம் இனி எனக்கு வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தனக்கும் தன் பிள்ளைகுட்டிகளுக்கும் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் தாத்தாவுக்கு ஞானஸ்நானத்தில் சூசை, தெருவில் மண்ணாங்கட்டி. தெருவைத் தாண்டினால் அந்தப் பெயரும் கிடையாது, 'டேய்' மட்டும்தான். ஒரு ஆலையில் நீராவி எஞ்சினுக்கு விறகு போடுகிற வேலை அவருக்கு. எஞ்சினின் வயிற்றில் ஒரு இரும்புத் தகடு இருந்தது, தகட்டில் புடைத்த எழுத்துகள் இருந்தன. பெயர் எழுதப் போகும் நாள் வந்தபோது அவர் அந்தத் தகட்டில் எண்ணெய்க் கரியைப் பூசி, தன் வேட்டியின் முனையை அதன்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தி எடுத்து, அதையே இடுப்பில் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்துவிட்டார்.

அழுத்தி எடுத்ததால் எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழுந்திருந்தது. குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் வேட்டி முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்துப் படித்தாராம். "இது இங்கிலீஷ்காரன் பேராச்சே, நல்ல பிரெஞ்சுப் பேரா ஒண்ணு தரட்டுமா?" என்று கேட்டாராம். தாத்தா சொன்னது எங்கள் வீட்டில் ஜெபம் மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். "எந்தக்காரன் பேரோ தெரியாது சாமி. அந்த எஞ்சின் பக்கத்துல நிக்கிறப்போ மட்டுந்தான் எவனும் என்னை நீ எந்தத் தெருன்னு கேட்டதில்ல."

கதை அதோடு முடியவில்லை. கூட விறகு போட்ட மூன்று பேர், "அண்ணே, அந்த வேட்டியைக் கொஞ்சம் குடுண்ணே" என்று வாங்கி, ஆளுக்கொரு நாள் அதையே கட்டிக்கொண்டு போய் அதே பெயரை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே வேட்டியில் நான்கு குடும்பம் தார்ன்டன் ஆனது. பின்னால் வந்த ஒரு பங்குச் சாமியார், இரண்டு தார்ன்டன் வீடுகளுக்குள் கல்யாணம் பேசி வந்தபோது, "பங்காளிக்குள்ள எப்படிப்பா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறது?" என்று மாட்டேனென்றுவிட, ஊர்ப் பெரியவர்கள் கோயிலுக்குப் போய், "ரத்தம் வேற சாமி, வேட்டிதான் ஒண்ணு" என்று சாட்சி சொல்ல வேண்டியிருந்ததாம்.

சிறு வயதில் எனக்கு அந்தத் துண்டு ஒரு விளையாட்டுப் பொருள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மனசு நன்றாக இருந்தால், துண்டை எடுத்து வாசற்கால் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, "தா... ர்ன்... டன்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கரும்புச் சோகை கிழித்த தழும்புகள் நிறைந்த அந்த விரல், எழுத்தைத் தொடாமல் ஒரு நெல் அகலம் விலகியே நகர்ந்து போகும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மூலக்குளத்தில் லாஃப்ளேர் என்று ஒரு குடும்பம். அப்போது அங்கே இவ்வளவு வீடும் கடையும் கிடையாது, ரோட்டோரம் வயல்தான். மாப்பிள்ளை பையனிடம் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் இருந்தது. வில்லியனூர் மாதா கோயில் தேரன்று அவன் அக்காவைப் பார்த்திருக்கிறான்; அக்காவும் அவனைப் பார்த்திருக்கிறாள் என்பதை, அதன் பிறகு அவள் சோறு பொங்க வைத்துவிட்டுத் தீயை மறந்து நின்ற நாட்களை வைத்து நானே கண்டுபிடித்தேன். பையனின் அம்மா மட்டும், "இங்கிலீஷ் பேரா இருக்குது, நிஜமாவே ரெனோன்சா குடும்பந்தானா, சும்மா வெச்சிகினாங்களா? நேர்ல வந்து பாக்கறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்களிடம் ரெனோன்சா எழுதிய காகிதம் இல்லை. சங்கராபரணி ஆறு பெருகி வந்த ஒரு மழைக்காலத்தில் மண்சுவரோடு அது போய்விட்டது. இருந்த ஒரே அத்தாட்சி வேட்டித் துண்டுதான். அது இல்லையென்றால் அவர்கள் அடுத்துக் கேட்கப்போகும் கேள்வி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் யாரும் நேராகச் சாதி கேட்க மாட்டார்கள். "உங்க பெரியவங்களை கல்லறையில எந்தப் பக்கம் அடக்கம் பண்ணியிருக்கு?" என்பார்கள். எங்கள் ஊர்க் கல்லறைக்கு நடுவே இடுப்புயரத்தில் ஒரு சுவர் இருந்தது. அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சரியான பதில் வராததால் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்து போனவர்களை ஊர் பார்த்திருக்கிறது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் அம்மா வீட்டைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். "பெட்டியில கீற பழைய துணியெல்லாம் தூக்கினு போய் அலசிட்டு வாடி" என்றாள். அம்மா சொன்னது மேலே இருந்த போர்வைகளை. நான் அடிவரைக்கும் அள்ளிக்கொண்டு போனேன். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் பார் சோப்புப் போட்டு ஒவ்வொன்றாய்த் துவைத்து வந்தபோது அந்தத் துண்டும் கைக்கு வந்தது. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் துவைத்தேன். இவ்வளவு பெரிய வீட்டு ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள், இப்படி அழுக்காகவா காட்டுவது என்று நினைத்து, மற்றத் துணிகளைவிட இரண்டு மடங்கு சோப்புப் போட்டுக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது. எவ்வளவு அழுக்கு போகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. முள்செடிமேல் விரித்துக் காயப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் எழுத்தும் சேர்ந்து போயிருந்தது தெரிந்தது.

அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அக்கா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அதற்கு அம்மாவின் விளக்குமாறே தேவலை என்றிருந்தது எனக்கு. அப்பா வேலை முடிந்து வந்து, ஈரம் காயாத துண்டை வாங்கி, வழக்கம்போல் வாசற்கால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மழைக்கால மேகம் மாதிரி ஒரு சாம்பல் நிறம் மட்டும் வரிசையாக நின்றது. அப்பாவின் விரல் பழக்கத்தில் எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது. "வுடு," என்றார் அம்மாவிடம். "நல்லாத்தான் தொவைச்சிருக்குது கழுதை."

மறுநாள் மத்தியானம் பையனின் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். லாஃப்ளேர் அம்மாவுக்கு முழங்கால் வலி. பாயில் உட்கார முடியாமல் எங்கள் வீட்டு ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார். காப்பி குடித்து முடித்ததும், "பேரு பத்தி ஏதோ அத்தாட்சி கீதுன்னீங்களே" என்றார். அப்பா துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதையைச் சொன்னார், எஞ்சின், தகடு, குமாஸ்தா எல்லாம். பிறகு துண்டை நீட்டினார். அந்தம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியே."

"நேத்து வரைக்கும் இருந்துச்சிம்மா," என்றார் அப்பா. "சின்னவ தொவைச்சிட்டா."

தாய்மாமன் சிரித்துவிட்டார். "சரியான ஆளுய்யா நீ. எங்க வூட்டு எலி ரேஷன் கார்டைத் தின்னுதுன்னு சொல்றவனைக்கூட பார்த்திருக்கேன், பேரைத் தொவைச்சிட்டேன்னு சொல்றவனை இப்பதான் பாக்கறேன்."

லாஃப்ளேர் அம்மா சிரிக்கவில்லை. துண்டை மடித்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்து அந்தக் கேள்வியைக் கேட்டார். "உங்க பெரியவங்க எந்தப் பக்கம் படுத்திருக்காங்க?"

அடுப்படி மறைவில் அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. அப்பா பொய் சொல்லியிருக்கலாம். மூலக்குளத்திலிருந்து யார் வந்து கல்லறையை எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அப்பா கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்தார்.

"கெழக்குப் பக்கம்மா," என்றார். "மழை பேஞ்சா தண்ணி நிக்கிற பக்கம்."

வெளியே ஒரு கோழி கேறிக்கொண்டிருந்தது. எழுந்துகொள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். அந்தம்மா ஸ்டூலில் இருந்தபடியே, "எங்க ஊர்லயும்," என்று ஆரம்பித்து, தன் தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார், "எங்க ஊர்லயும் தண்ணி நிக்கிற பக்கந்தாங்க."

அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. தன் மாமனாரின் தாத்தா பேர் எழுதப் போய், என்ன பேர் வேண்டும் என்று கேட்டதும் பயத்தில் வாயடைத்து நிற்க, குமாஸ்தா தன் மேசையில் ஜாடியில் இருந்த பூவைப் பார்த்துவிட்டு அதையே பிரெஞ்சில் லாஃப்ளேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். "உங்க பெரியவராச்சும் தானா கேட்டு வாங்கினாரு. எங்களுது அவன் போட்ட பேருதாங்க. எங்க ஊர்ல வந்து கேட்டுருவீங்களோன்னு நானில்ல பயந்துகினு வந்தேன்!" தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே சேத்துல நின்னுகினு யாரு காலு சுத்தம்னு பாக்க வந்தமாக்கா?" அம்மா உள்ளேயிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, இன்னொரு காப்பி போடட்டுமா என்று கேட்டாள். பால் இல்லை. பால் இல்லாமலே குடித்தார்கள்.

அக்கா லாஃப்ளேர் ஆகிப் பிரான்சுக்குப் போனாள். நான் எட்டாவதோடு நின்று, செங்கல் சூளை, திருப்பூர் பனியன் கம்பெனி, குன்னூர் தேயிலை, குவைத் வீட்டுவேலை என்று சுற்றினேன். எங்கும் நிலைத்து இருக்கிற கால் இல்லை எனக்கு. பசி, காய்ச்சல், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்ட எஜமானி எல்லாம் இருந்தது, பிழைத்து வந்துவிட்டேன். ஆனால் போன இடத்திலெல்லாம் எங்கள் பெயர் எனக்கு முன்னால் போய் நின்றிருந்ததுதான் ஆச்சரியம். குன்னூரில் பாசி படிந்த ஒரு வெள்ளைக்காரக் கல்லறையில் ஒரு தார்ன்டன். குவைத்தில் நான் மாடிப்படி துடைத்த கட்டடத்தில், மூன்றாவது மாடிக் கதவில் ஒரு தார்ன்டன். அது ஒரு வயதான இங்கிலீஷ் வாத்தியார். நான் துடைப்பத்தை வைத்துவிட்டு என் அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்: அந்தப் பெயருக்கு முள்மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் என்று அர்த்தம், இங்கிலாந்தின் வடக்கே அந்தப் பேரில் பல ஊர்கள் உண்டு, அங்கிருந்து வந்தவர்களையெல்லாம் மற்றவர்கள் அப்படிக் கூப்பிட, தெருவுக்குத் தெரு தார்ன்டன்கள், ஒருவருக்கொருவர் உறவுகூட இல்லை. நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன். அவர்களையும் எந்த ஊர் என்று கேட்டுத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். எந்தத் தெரு என்று கேட்கக் கூடாதென்று எங்கள் தாத்தா தூக்கிக்கொண்டு ஓடியதும் ஒரு ஊர்ப் பேரைத்தான், அதுவும் முள்ளூர்.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன், இந்த வருஷம் வரைக்கும். ஆலை இருந்த இடம் மனைகளாகிவிட்டது, எஞ்சின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். எங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலில் மட்டும் தார்ன்டன்கள் ஒரு பக்கத்தை நிரப்புகிறார்கள். ஒருவர் மெக்கானிக், ஒருவர் நர்ஸ், ஒருவர் கறிக்கடை, யாருக்கும் ரத்தம் ஒன்றில்லை. என் மகள் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் குடும்பப் பெயர் இல்லாமல் அவளை உள்ளே விடவில்லையாம். கூடச் சேர்ந்த பிள்ளைகள் அப்பா பெயரையோ வெறும் புள்ளியையோ போட்டார்கள். அவள் என் பெயரிலிருந்து எடுத்து, தார்ன்டன் என்று போட்டுவிட்டு வந்தாள். "இன்னாடி பேரு இது, எந்த ஊருடி நீ?" என்று கேட்டார்களாம். "எஞ்சின் பேருடி" என்றாளாம்.

அப்பாவை அடக்கம் செய்த வருஷமே கல்லறை நடுச்சுவர் ஒரு மழையில் சாய்ந்தது. திரும்பக் கட்ட யாரும் முன்வரவில்லை. நல்ல மழை பெய்தால் தண்ணீர் இப்போது பரவி எல்லோர்மேலும்தான் நிற்கிறது. அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. பெட்டியின் வாசனை போய்விட்டது, மிச்சமிருந்த சாம்பல் நிறமும் போய்விட்டது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து வாசற்கால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். எந்தப் பக்கமாகப் பிடித்தாலும் இப்போது ஒன்றுதான்.