தோற்றவருக்கு ஓர் அறை

பழைய சண்டை வீடியோ கேம் ஒன்றின் இசையைத் தவிலும் கிற்றாரும் சேர்த்துப் புதிதாக அமைத்து, அண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கேட்டதுமே என் உள்ளங்கை எரிந்தது.

கரவெட்டி வீட்டில் நாங்கள் இருவரும் அந்தக் கேம்தான் விளையாடுவோம். தோற்றவர் கன்னத்தில் அறை வாங்க வேண்டும், அழுதால் இன்னொன்று. அண்ணை ஒருநாளும் மெல்ல அடித்ததில்லை. என் உதடு எத்தனையோ தரம் கிழிந்திருக்கிறது.

ஒருநாள் நான் வென்றேன். அத்தனை நாள் கோபத்தையும் சேர்த்து ஓங்கி அறைந்தேன். அடி காதில் விழுந்தது. இரத்தம் கழுத்துவரை வடிந்தது. டிவியில் அந்த இசை நிற்கவேயில்லை.

"சைக்கிளாலை விழுந்திட்டன்" என்று அப்பாவிடம் சொன்னார் அண்ணை.

இசைக்குக் கீழே அவருடைய குரல் பதிவும் இருந்தது.

"தங்கச்சி, இடப்பக்கம் சரியா வருதோ எண்டு நீ கேட்டுச் சொல்லு. அந்தக் காதாலை எனக்குக் கேக்காதெல்லே."