வாயை மறைத்த கை

எங்கள் காணை வீட்டுக் கூடத்தில் அக்காவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. திருவாமாத்தூர் கோயில் வாசலில் எடுத்தது. அதில் அவள் சிரிக்கிறாள். ஆனால் கையால் வாயை மறைத்திருக்கிறாள். முன்பல் உடைந்த பிறகு அவள் எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான்.

பல்லை உடைத்தவர் அவள் புருஷன். திண்டிவனத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் பால்காரர் ஏதோ சொல்ல, அக்கா சிரித்துவிட்டாள். பைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தவன் கையிலிருந்த ஸ்பேனராலேயே அவள் வாயில் அடித்தான். "எவனப் பாத்துடி இளிக்கிற?" அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு வரவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்தால்கூட அவள் கை தானாக வாய்க்குப் போகும். ஒருநாள் சுவரில் தலையை மோதி மோதியே அவளைக் கொன்றான். இப்போது ஜெயிலில் இருக்கிறான். அவன் செத்தாலும் என் ஆத்திரம் அடங்காது.

சினிமாவில் உதவி இயக்குநராக இருந்த அண்ணன், இதையே தன் முதல் படமாக எடுக்கப் போவதாக வந்து நின்றான். நான் பேயாட்டம் ஆடினேன்.

"அவ பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தம் வேணாவா?" என்றான்.

"அடி வாங்கனது அவ, அர்த்தம் உனக்கா? போய்க்கினே இரு."

அம்மாதான் குறுக்கே வந்தாள். "எடுக்கட்டும் உடு. நானும் கூட உக்காந்து பாக்குறேன்."

எங்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு நடந்தது. அக்காவாக நடித்த பெண் கூடத்தில் மாட்டியிருந்த அக்கா படத்தைப் பார்த்தே பழகியிருந்தாள். டீ குடிக்கும்போது சிரித்தாலும் வாயை மறைத்துக்கொள்வாள். அவளைக் கொல்லும் காட்சியை எடுத்த அன்று சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். ஆனாலும் தலை மோதிய ஒவ்வொரு முறையும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிவப்புச் சாயம் அவள் முகமெல்லாம் வழிந்தது. அம்மா கண்ணை மூடவே இல்லை.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்ததுபோல் நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும். "சிரிச்சுடும்மா" என்றார் கேமராமேன். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பழக்கதோஷம், கை வாய்க்குப் போனது.

அம்மா விறுவிறுவென்று போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள்.

"கைய எடு கண்ணு. இனிமே எவன் அடிக்கப் போறான்?"

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். உடைந்ததுபோல் மை பூசிய முன்பல் தெரிந்தது. அண்ணன் 'கட்' சொல்ல மறந்து நின்றான்.

விழுப்புரம் தியேட்டரில் பார்த்தவர்கள், வேதனைக்கு அர்த்தம் சொன்ன படம் என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஓர் அர்த்தமும் புலப்படவில்லை. அடி என்றால் அடிதான். அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை. "அது ஊருக்கு இல்லடா, எனக்கு" என்று அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது கூடத்தில் பழைய படம் இல்லை. அந்த இடத்தில் இந்தச் சிரிப்பைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். உயிரோடு இருக்கும் பெண் என்பதால் மாலை கிடையாது. போன வாரம் சிலிண்டர் போட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, வாய் நெறைய சிரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"எம் பெரிய பொண்ணு" என்றாள் அம்மா.