மோல்டாவில் வேண்டாமென்ற கார்

எழுபதுகளில், சிட்னியிலிருந்து மோல்டாத் தீவுக்கு விடுமுறைக்குப் போக டிக்கெட் எடுத்தபோது, பயண முகவர் கேட்டார்: "அங்கே வாடகைக் கார் வேண்டுமா? யார் ஓட்டுவது?"

நான் மூன்று தடவை லைசன்ஸ் பரீட்சையில் தோற்றவன். என் மனைவி தினமும் தானே கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் தாதி.

"நான் கார் ஓடுவன்" என்றாள் என்னிடம்.

அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருக்கும் படம் யாழ்ப்பாணத்தில் என் சொந்தக்காரருக்குப் போகும். அதை நினைத்தேன்.

"வேண்டாம். இவளுக்குப் புது ரோட்டில் கை நடுங்கும்" என்றேன் முகவரிடம். அவர் சிரித்தார்.

தீவில் பத்து நாளும் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றோம்.

"கார் எடுத்திருக்கலாம்" என்றேன் ஒருநாள்.

"எனக்குத்தானே கை நடுங்கும்" என்றாள்.

சிட்னி திரும்பியதும் தன் காரை விற்றுவிட்டு ரயிலில் போகத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. வாங்கியவர் காரைக் கொண்டுபோனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.